சோளக்காட்டுப் பாம்புக்குக் கூண்டு எதற்கு?

கடந்த மாசி மாதம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்தில், மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்த களத்தில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அந்த வீட்டுப் பையன் தன் செல்போனை என்னிடம் நீட்டினான். செம்மஞ்சள் நிறத்தில், முதுகில் சிவப்புத் திட்டுகளோடு அழகான ஒரு பாம்பு. யாரோ ஒருவரின் கையில் வளையல் போலச் சுற்றிக் கிடந்தது.

“சார், இதுக்கு கார்ன் ஸ்நேக்னு பேரு. மக்காச்சோளப் பாம்பு. விஷம் கிடையாதாம். வெளிநாட்டுல முதல் முதலாப் பாம்பு வளர்க்கிறவங்க இதைத்தான் வாங்குறாங்களாம். நாமளும் வளர்க்கலாமா?”

நான் பதில் சொல்லத் தொடங்கும்போதே பின்னால் சத்தம் கேட்டது. தட்டைப் படப்பைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் அப்பா, உள்ளேயிருந்து வெளியே வந்த ஒரு பாம்பைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றே அடி. நாங்கள் போய்ப் பார்த்தபோது அது கிடந்தது. ஆறடிக்கு மேல் நீளம். மங்கிய பழுப்பு நிறம், பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடுகள். சாரை. வயிற்றின் நடுவில் ஒரு புடைப்பு. உள்ளே எலி.

“அண்ணாச்சி, இது சாரையாச்சே” என்றேன்.

“சாரையா, நல்லதான்னு பாத்துக்கிட்டா சார் நிக்க முடியும்? புள்ளைக வேலை பாக்குற எடம்” என்றார் அவர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பையன் கேட்டதும் நியாயமான கேள்விதான். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் இருக்கிறது என்று அன்று வீடு திரும்பும் வழியில் எனக்குத் தோன்றியது. அதை இந்தப் பக்கத்தின் வாசகர்களான விவசாயிகளிடமும், களப்பணியில் இருக்கும் வேளாண் அலுவலர்களிடமும் சொல்ல விரும்புகிறேன்.

மக்காச்சோளப் பாம்பு என்பது எது?

பையன் காட்டிய பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. மூன்று முதல் ஐந்து அடி வரை வளரும். அங்கே மக்காச்சோளக் கருதைக் கொட்டி வைக்கும் குதிர்களில் எலி தேடி வரும் பாம்பு என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். அடிவயிற்றில் உள்ள கட்டங்கள் பல நிற மக்காச்சோள மணிகளைப் போல இருப்பதால் வந்த பெயர் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும் அது ஓர் எலிப்பாம்பு. அதாவது, நம் சாரை நம் சோளக்காட்டில் செய்யும் வேலையைத்தான் அது அந்த ஊர்ச் சோளக்காட்டில் செய்கிறது.

அதை வீட்டில் வளர்க்கும் முறையை அந்தப் பையனுக்கு நான் மறைக்காமல் சொன்னேன். தெரிந்துகொண்டால்தான் ஆசையின் எடை தெரியும்.

பாம்பு தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர். ஆகவே கூண்டின் ஒரு பக்கம் 29, 30 டிகிரி செல்சியஸ் சூடும், மறுபக்கம் 24 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சியும் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பாம்பே முடிவு செய்யும். இரண்டு பக்கமும் அது நுழைந்து ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு மறைவிடம் வேண்டும். மறைவு இல்லாத பாம்பு பயத்திலேயே இரை எடுக்காமல் இளைத்துப்போகும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். சட்டை உரிக்கும் காலத்தில் ஈரப்பதம் குறைந்தால் தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். குட்டிக்கு வாரம் ஒரு சுண்டெலிக் குஞ்சு; வளர்ந்த பாம்புக்குப் பத்து, பதினான்கு நாளைக்கு ஒருமுறை ஓர் எலி. இரை விழுங்கிய பிறகு இரண்டு நாளாவது அதைத் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம் தொல்லை செய்யவே கூடாது. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் விரல் நுழையும் சந்தில் பாம்பு வெளியேறிவிடும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் உயிரோடு இருக்கும். பையனுக்குக் கல்யாணமாகி, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அது கூண்டில் இருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: “அப்ப நம்மூர்ச் சாரையைப் பிடிச்சு வளர்க்கலாமா சார்?”

கூடாது. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வதும், அடித்துக் கொல்வதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாரையும் அந்தப் பாதுகாப்பில் அடங்கும். வெளிநாட்டுப் பாம்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில், துணிப் பைகளுக்குள் கட்டி அடைத்துவரப்பட்ட வெளிநாட்டுப் பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பறிமுதல் செய்திருக்கிறது. மக்காச்சோளப் பாம்புகளும் அவற்றில் இருந்திருக்கின்றன. செல்போனில் விலை பேசிக் கையில் கொடுக்கும் பாம்பு எந்த வழியாக வந்தது என்பதை வாங்குகிறவர் அறிய முடியாது.

ஆசை தீர்ந்த பிறகு கண்மாய்க் கரையில் விட்டுவிடலாம் என்று நினைப்பது அதைவிட மோசம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அப்படி வளர்ப்பவர்களிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சதுப்பு நிலத்தின் முயல், நரி போன்ற விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடிக்க 2017-ல் அங்கே அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வளர்ப்பு ஆசையில் தொடங்கிய தவறைத் திருத்த, கடல் கடந்து ஆள் தேட வேண்டியதாயிற்று.

உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

கூண்டுப் பாம்புக்கு வேண்டியவை என்று மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். வெயிலும் நிழலும், ஒளிய இடம், தண்ணீர், இரை, தொல்லை செய்யாத மனிதர். இந்த ஐந்தும் நம் கரிசல் காட்டில் ஒரு பைசா செலவில்லாமல் இருந்தன. இப்போது ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கின்றன.

சாரை பெரும்பாலும் பகலில் இரை தேடும் பாம்பு. எலி இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் வளைக்குள் தூங்கும். ஆந்தையும் கூகையும் வெளியே வரும் எலியைத்தான் பிடிக்க முடியும். பூனையும் அப்படியே. வளைக்குள்ளேயே நுழைந்து, தாய் எலியையும் கண் திறக்காத குஞ்சுகளையும் ஒரே இடத்தில் எடுப்பது பாம்பால்தான் முடியும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு சாரை வருடத்துக்கு ஆயிரக்கணக்கான எலிகளைத் தின்னும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது மிகை. பாம்பு தினமும் இரை எடுக்கும் பிராணி அல்ல. ஒரு நல்ல எலி கிடைத்தால் பல நாள் சுருண்டு படுத்துவிடும். எலி மட்டுமல்ல, தவளை, ஓணான், பறவைக் குஞ்சு என்று கிடைத்ததை உண்ணும். ஆகவே எலி பெருகி வெடித்துவிட்ட வருடத்தில் பாம்பை மட்டும் நம்பி உட்கார்ந்தால் விளைச்சல் வீடு வந்து சேராது.

பிறகு எதற்குப் பாம்பு? எலி பெருகும் வேகத்தைப் பாருங்கள். சுமார் மூன்று வாரச் சூல். ஓர் ஈற்றுக்கு ஐந்து, ஆறு குஞ்சுகள். தீனி இருந்தால் குஞ்சுகள் சில மாதங்களில் தாயாகிவிடும். இந்தப் பெருக்கத்தின் தொடக்கத்தில், அதாவது கோடையில், எலி குறைவாக இருக்கும் நேரத்தில் விழும் ஒவ்வொரு தாய் எலியும் கணக்கில் பெரியது. மானாவாரிக் காட்டில் அந்த மாதங்களில் நாம் யாரும் எலியை நினைப்பதில்லை. கூலி இல்லாமல் அப்போது வேலை பார்ப்பது சாரையும் ஆந்தையும்தான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளத்தை மண்ணைத் தோண்டி எடுக்கும் எலி, பால் பிடித்த கருதைக் கடிக்கும் எலி, சொட்டுநீர்க் குழாயைக் கத்தரிக்கும் எலி எல்லாம் கோடையில் தப்பிய எலியின் வாரிசுகள்.

நம் பகுதிக் காடுகளில் வெள்ளெலி, புல்லெலி, வரப்பெலி, சுண்டெலி என்று பல வகை உண்டு. கரிசல் மண் கோடையில் வாய் பிளந்து வெடிக்கும்போது அந்த வெடிப்புகளே அவற்றுக்கு வீடு. அதே வெடிப்புதான் சாரைக்கும் வெயிலிலிருந்து தப்பும் இடம். புற்றைப் பாம்பு கட்டுவதில்லை. கறையான் கட்டிய புற்றில் அது குடியேறுகிறது. அந்த வகையில் கரையோரப் புற்றும், பனை அடித்தூரும், ஓடையோரப் புதரும் நம் காட்டின் எலி ஒழிப்பு நிலையங்கள்.

நாம் பாம்பைக் கொல்லும் மூன்று வழிகள்

முதலாவது கம்பு. இரண்டாவது மருந்து. மூன்றாவது வலை. கம்பை எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டையும் நாம் கொலையாகவே நினைப்பதில்லை.

எலி மருந்தைப் பற்றிச் சொல்லும்போது முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ விவசாயிகள் கூட்டங்களில் புரோமோடயலோன் கட்டியையும் சிங்க் பாஸ்பைடு கலவையையும் பரிந்துரைத்திருக்கிறேன். அளவைச் சொன்னேன், வைக்கும் இடத்தைச் சொன்னேன். செத்த எலியை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பல கூட்டங்களில் சொல்ல மறந்தேன். புரோமோடயலோன் இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் பாம்புக்கும் ஆந்தைக்கும் எளிதாக அகப்படும். எலி வயிற்றிலிருந்த நஞ்சு அவற்றின் உடம்புக்குப் போகும். எலி அடுத்த பருவத்திலேயே திரும்பப் பெருகிவிடும். ஆந்தையும் சாரையும் அந்த வேகத்தில் பெருகாது. சாரை ஒரு தடவை பத்துப் பதினைந்து முட்டை வரை இட்டாலும், பொரித்த குட்டிகளில் பெரிதாகிறவை சில மட்டுமே. மயிலும் கீரியும் பருந்தும் சும்மா விடுமா?

வலை விஷயம் இன்னும் அண்மையானது. காட்டுப்பன்றியும் மயிலும் நம் வட்டாரத்தில் செய்யும் சேதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே இரவில் ஓர் ஏக்கர் மக்காச்சோளத்தைப் பன்றிகள் சாய்த்துப் போட்டிருப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அதனால்தான் காட்டைச் சுற்றிப் பழைய மீன்வலையும் மெல்லிய நைலான் வலையும் கட்டுகிறோம். ஆனால் அறுவடை முடிந்த பிறகும் அந்த வலை வரப்பிலேயே கிடக்கிறது. பாம்பின் செதில் பின்னோக்கிப் படிந்தது. வலைக் கண்ணுக்குள் தலை நுழைந்த பிறகு முன்னால் போகத்தான் முடியும். பின்னால் வர முடியாது. முன்னேற முன்னேற நூல் இறுகும். வெயிலில் நாள் கணக்கில் கிடந்து சாகும். மாட்டிக்கொள்கிற பாம்பு சாரையாக மட்டும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கண்ணாடி விரியன் மாட்டிய வலையை விடியற்காலை இருட்டில் கையால் சுருட்டுகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

“சாரையா, நல்லதா” என்ற கேள்விக்கு

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது காரணமில்லாமல் வந்த பழமொழி அல்ல. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தார். எனவே “பாம்பு நண்பன், பயப்படாதீர்கள்” என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டும்.

நம் பகுதியில் உயிருக்கு ஆபத்தான பாம்புகள் நான்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரையை அடையாளம் காண வழி உண்டு. படம் எடுக்காது. கண் பெரியது, கருவிழி வட்டமானது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடு. உடம்பின் பின்பாதியிலும் வாலிலும் கருமையான குறுக்குப் பட்டைகள். ஆளைக் கண்டதும் பெரும்பாலும் வேகமாக ஓடிவிடும். ஆனால் இந்த அடையாளங்களை நம்பிக் கிட்டே போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை. படம் எடுக்காத நிலையில் நல்ல பாம்பும் தூரத்திலிருந்து சாரை போலத்தான் தெரியும்.

எனவே சாரையா நல்லதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதே இல்லை. இரண்டானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பத்தடி விலகுங்கள். போக வழி விடுங்கள். காட்டில் என்றால் அது தானே போய்விடும். வீட்டுக்குள்ளோ, ஆட்கள் வேலை செய்யும் களத்திலோ என்றால் ஒருவர் தூரத்திலிருந்து பார்வையில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடிபட்டவர்களில் கணிசமானவர்கள் பாம்பை அடிக்கப்போய், அல்லது பிடிக்கப்போய்க் கடிபட்டவர்கள் என்பதை மருத்துவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கம்பு என்பது பாம்புக்கும் நமக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைக்கும் கருவி.

சாரையைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகளும் அதைக் கொல்லச் செய்கின்றன. சாரை வாலால் அடித்தால் அடிபட்ட இடம் அழுகும் என்பது உண்மையல்ல. அதன் வாலில் நஞ்சும் இல்லை, கொடுக்கும் இல்லை. மாட்டு மடியில் பால் குடிக்கும் என்பதும் உண்மையல்ல. உறிஞ்சிக் குடிக்கும் உதடும் தாடையும் பாம்புக்குக் கிடையாது. சாரையும் நல்ல பாம்பும் இணை சேரும் என்கிறார்கள். பின்னிப் பிணைந்து எழுந்து நிற்கும் அந்தக் காட்சி பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் நடத்தும் பலப்பரீட்சை.

வீட்டில் எலி கூடாது, காட்டில் பாம்பு வேண்டும்

என் கருத்தின் சாரம் இதுதான். பாம்பு எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். எலியை வீட்டைச் சுற்றி வளர்த்துவிட்டு, பாம்பை வீட்டுக்கு வராதே என்றால் எப்படி? தாழ்வாரத்தில் கருது மூட்டை, சுவரை ஒட்டி விறகும் தட்டைப் படப்பும், பக்கத்தில் கோழிக்கூடு. சுண்டெலி வரும். அதன் பின்னால் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலியே பெரிதாகத் தெரியாது. விடியும்போது வயிற்று வலி என்பார்கள், இமை தொங்கும். அதற்குள் நேரம் போயிருக்கும்.

ஆகவே வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியவை: தட்டைப் படப்பையும் விறகையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். கருது, தானிய மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல் வையுங்கள். சுவர் ஓட்டையை அடையுங்கள். கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். இரவில் காட்டுக்குப் போனால் டார்ச் விளக்கும் மூடிய செருப்பும் கட்டாயம். குவித்த கருதுக்குள் கையை விடுவதற்கு முன்பு கம்பால் தட்டிக் கிளறுங்கள்.

காட்டுப் பக்கம் செய்ய வேண்டியவை: எலி ஒழிப்பைக் கோடையில், விதைப்புக்கு முன்பே, ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் செய்யுங்கள். ஒருவர் காட்டில் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டு எலி வந்து நிரப்பிவிடும். முதல் நாள் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். மறுநாள் திறந்திருக்கும் வளைதான் எலி இருக்கும் வளை. அங்கே மட்டும் தஞ்சாவூர் கிட்டி வையுங்கள். ஆந்தை உட்கார டி வடிவக் குச்சிகள் நடுங்கள். கருது பால் பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காக்கையும் கிளியும் உட்காரும். இவற்றுக்கும் அடங்காதபோது மட்டும் மருந்து. அதையும் எலி இருக்கும் வளைக்குள்ளேயே வைத்து, தினமும் காலையில் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். சிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். குழந்தைகளுக்கும் ஆடு, நாய்க்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

வலை கட்டினால் தினமும் விடிந்த பிறகு சுற்றி வந்து பாருங்கள். அறுவடை முடிந்த அன்றே சுருட்டி எடுத்துவிடுங்கள். கிழிந்த வலையை வரப்பில் போடாதீர்கள். பாம்பு மாட்டியிருந்தால் நீங்களே அறுக்க முயல வேண்டாம். 101-ஐ அழையுங்கள்.

எல்லாக் கரையையும் வழித்துச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில் ஒரு புற்றையும், நாலு பனையையும், அதனடிப் புதரையும் விட்டுவையுங்கள். அங்கே தீ வைக்காதீர்கள். அது வீட்டிலிருந்தும் களத்திலிருந்தும் பாதையிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். சாரைக்கு நீங்கள் கட்டும் கூண்டு அதுதான். மூடி போடத் தேவையில்லாத கூண்டு.

கடித்துவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் கடி நேரலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். கால், கையை அசையாமல் கம்பு வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் காத்திருப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப்பிடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமில்லை. நான்கு வகைப் பாம்பின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? பாம்பின் நஞ்சிலிருந்தேதான். பாம்புத்தோல் வியாபாரத்துக்குச் சட்டம் தடை போட்ட பிறகு பிழைப்பை இழந்த இருளர்கள், 1978-ல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சை வைத்துத்தான் மருந்துக் கம்பெனிகள் விஷமுறிவு மருந்து தயாரிக்கின்றன. ஒரு காலத்தில் சாரையின் தோலை உரித்து விற்ற கைகள் இன்று கடிபட்ட விவசாயிக்கு உயிர் கொடுக்க உதவுகின்றன.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை கடி என்ற கணக்கு இனி அரசிடம் சேரும். அந்தக் கணக்கு வேளாண்மைத் துறைக்கும் வர வேண்டும் என்பது என் கோரிக்கை. கடி அதிகமுள்ள கிராமத்தில்தான் எலி ஒழிப்பு முகாம் முதலில் நடக்க வேண்டும். வேளாண் அலுவலர்கள் எலி மருந்துக்குப் பரிந்துரை எழுதும்போது, செத்த எலியைப் புதைக்கச் சொல்லும் ஒரு வரியையும் சேர்த்து எழுத வேண்டும். ஊராட்சிக்கு ஒருவராவது முறையாகப் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளர் இருந்தால், கம்பை எடுக்கும் அவசியம் பாதி குறையும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கிராமசபையில் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு.

1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, திருவண்ணாமலை மலையில் தங்கியிருந்தபோது அங்கு வந்த பாம்புகளுக்குத் தொல்லை தரக்கூடாது என்று உடனிருந்தவர்களிடம் சொல்வார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். துறவிக்கு அது கருணை. விவசாயிக்கு அது கணக்கும்கூட.

அன்று களத்தில் அந்தப் பையன் ஒரு காரியம் செய்தான். செத்த சாரையைக் கம்பால் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் குழிதோண்டிப் புதைத்தான். வந்து அப்பாவிடம், “அய்யா, அது வயித்துல எலி இருந்துச்சு. நம்ம கருதைத் தின்ன எலி” என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், “இந்தப் படப்பை வீட்டுக்குப் பக்கத்துல போட்டதுதான் சார் தப்பு. வர்ற வருசம் தள்ளிப் போட்டுருவோம்” என்றார்.

அவரும் பையனும் மீதிப் படப்பைக் கம்பால் தட்டிவிட்டுப் பிரிக்கத் தொடங்கினார்கள்.